பெயர் மாறும் முன் சாவி கை மாறினால்: சிங்கப்பூரில் கார் விற்போர் அறிய வேண்டிய விதிகள்

பழைய காரை முகவர் இல்லாமல் நேரடியாக விற்பவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே பேரத்தை முடித்துக்கொள்கிறார்கள். வாங்க வந்தவர் முன்பணத்தைப் பேநவ் என்ற கைபேசிப் பணமாற்று முறை வழியாக அனுப்புகிறார், வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார், பிறகு, "அண்ணே, வண்டிய இன்னைக்கே எடுத்துக்கிறேன், பெயர் மாத்துறத திங்கட்கிழமை பாத்துக்கலாம்" என்று கேட்கிறார். கேட்பவர் தெரிந்த மனிதராகவோ, தெரிந்தவருக்குத் தெரிந்தவராகவோ இருந்தால் மறுக்க நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் அந்தக் கார் சட்டத்தின் பார்வையில் யாருடையது, அது செய்யும் ஒவ்வொரு தவற்றுக்கும் முதலில் யாரிடம் கேள்வி வரும் என்பதை விற்பவர் தெரிந்துகொண்ட பிறகே சாவியை நீட்ட வேண்டும்.

முதலில் பதிவு எண்ணைப் பற்றிய ஒரு தெளிவு. அமெரிக்காவின் ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் நம்பர் பிளேட் காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. விற்பவர் அதைக் கழற்றித் தம்மோடு எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே உறவினர் இருப்பவர்கள், "வாங்கினவருக்கு பிளேட்டைக் கொஞ்ச நாள் விட்டுவைத்தேன், தொல்லையாகப் போய்விட்டது" என்ற புலம்பலைக் கேட்டிருக்கலாம். சிங்கப்பூரில் வழக்கம் வேறு. இங்கே பதிவு எண் வாகனத்தோடு ஒட்டியது. கார் யாரிடம் போனாலும், விற்பவர் தனியாக விண்ணப்பித்து அந்த எண்ணைத் தக்கவைத்துக் கொண்டாலன்றி, எண்ணும் காருடனேயே போகிறது. ஆகவே நாம் பிளேட்டைக் கழற்றுவதில்லை, கழற்றவும் தேவையில்லை. ஆனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும் பெயர், உரிமை மாற்றம் முடியும் வரை விற்பவருடைய பெயர்தான். வேகக் கண்காணிப்புக் கேமராவுக்கும், மின்னியல் சாலைக் கட்டண முறைக்கும், கார் நிறுத்துமிட அதிகாரிக்கும் ஓட்டுநரின் முகம் முக்கியமல்ல. அவர்கள் எண்ணைப் பார்க்கிறார்கள், எண்ணிலிருந்து பெயருக்குப் போகிறார்கள்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். என் பழைய காரை, குடும்பத்துக்குப் பழக்கமான ஒருவர் அறிமுகப்படுத்திய இளைஞரிடம் பெயர் மாற்றத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டேன். அவர் பணத்தை முழுமையாகக் கொடுத்தார், பெயரையும் சொன்னபடி மாற்றிக்கொண்டார். அவர்மீது எனக்கு ஐயம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் சில வாரங்களில் என் பெயருக்கு மூன்று அறிவிப்புகள் வந்தன. ஒன்று கார் நிறுத்துமிட அபராதம், ஒன்று சாலைக் கட்டணம் கழிக்கப்படாதது, மூன்றாவது வேகக் கட்டுப்பாட்டை மீறியது. மூன்றும் அந்த நான்கு நாட்களில் நடந்தவை. வேகமீறல் புகைப்படத்தைத் திறந்து பார்த்தபோது, காரின் பின் கண்ணாடியில் என் மகள் சிறு வயதில் ஒட்டிய மஞ்சள் நட்சத்திரம் அப்படியே தெரிந்தது. அதற்குக் கீழே என் எண். அன்றைய தேதியில் அது என் கார் இல்லை என்று மனம் சொன்னது, பதிவேடு அப்படிச் சொல்லவில்லை.

இத்தகைய நிலையில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு வாகன உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டும். குற்றம் நடந்த நேரத்தில் வாகனத்தை ஓட்டியவர் யார் என்ற விவரத்தைக் காவல்துறை கேட்டால், அதைக் கொடுப்பது உரிமையாளரின் கடமை. குறித்த காலத்துக்குள் கொடுக்கத் தவறினால், தமக்கு அது தெரியாது, தக்க முயற்சி எடுத்தும் தெரிந்துகொள்ள முடியவில்லை என்று நீதிமன்றத்தை நம்பவைத்தாலன்றி, உரிமையாளரே ஓட்டியதாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். "வாங்கியவர்தான் ஓட்டினார்" என்று சொல்வது மட்டும் போதாது. அவருடைய முழுப் பெயர், அடையாள எண், முகவரி ஆகியவை விற்பவரின் கையில் இருக்க வேண்டும். கைபேசியில் "கார் வாங்குனவர்" என்று சேமித்து வைத்த ஓர் எண்ணை நம்பி வண்டியைக் கொடுத்தவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். அபராதத்தை நானே கட்டிவிடுகிறேன் என்று பெருந்தன்மையாகப் போவதும் சரியான வழியல்ல, ஏனெனில் வேகமீறலுக்கு அபராதத்தோடு குற்றப்புள்ளிகளும் உண்டு. 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தப்படும். வாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது வருமானத்தின் மீதே விழும் அடி. தவிர, ஓட்டாதவர் ஓட்டியதாக ஒப்புக்கொள்வது தனிக் குற்றமாகவே முடியலாம்.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து காப்புறுதியில் இருக்கிறது. பலர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. மூன்றாம் தரப்பினருக்கான காப்புறுதி இல்லாமல் வாகனத்தை ஓட்டுவது மட்டுமல்ல, பிறர் ஓட்டுவதற்கு இடங்கொடுப்பதும் இங்கே குற்றம். தண்டனை 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு பொதுவாக 12 மாதங்களுக்கு வாகனம் ஓட்டும் தகுதியும் பறிபோகும். என் பெயரில் காப்புறுதி இன்னும் நடப்பில் இருக்கிறதே என்று விற்பவர் நினைக்கலாம். ஆனால் அந்தக் காப்புறுதி, குறிப்பிட்ட ஓட்டுநர்களை மனத்தில் வைத்து, உரிமையாளருக்கு வாகனத்தின்மேல் உள்ள அக்கறையை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டது. விலை பேசிப் பணம் வாங்கிச் சாவியும் கொடுத்துவிட்ட பிறகு விபத்து நேர்ந்தால், "இந்தக் கார் அந்த நேரத்தில் உண்மையில் யாருடையது?" என்று காப்புறுதி நிறுவனம் கேட்பதற்குப் போதிய காரணம் இருக்கிறது. காயமடைந்தவருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டுப் பிறகு அந்தத் தொகையை நம்மிடம் திரும்பக் கேட்கும் நிலையும் வரலாம்.

நிறுவனம் மறுக்காமல் ஏற்றுக்கொண்டாலும் இழப்பு விற்பவருக்கே. இழப்பீடு கோராதவர்களுக்குக் கிடைக்கும் கட்டணக் கழிவு, தனியார் கார்களுக்கு ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை வளரும். இந்தக் கழிவு காருக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. அடுத்த காருக்கு அதைக் கொண்டுபோகலாம். வாங்கியவர் சனிக்கிழமை இரவு எங்கோ ஒரு வளைவில் முன்வண்டியில் மோதினால், அந்த ஒரே கோரிக்கையில் விற்பவரின் 50 விழுக்காடு 20 ஆகக் குறையும். 30 அல்லது அதற்குக் குறைவாக வைத்திருந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. விபத்தை 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. வாங்கியவர் நம்மிடம் சொல்லாமல் மறைத்தால், நடந்தது தெரியாமலே நாம் அந்தக் கெடுவைத் தவறவிடுவோம்.

வாங்குபவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியைக் கொடுப்பது இன்னும் கடுமையான தவறு. உரிமம் இல்லாமல் ஓட்டுபவருக்கு முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அவருக்கு வண்டியை ஓட்டக் கொடுத்தவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நம்பர் பிளேட் உண்மையிலேயே தனியாகப் பிரச்சினையாகும் ஒரு சூழ்நிலையும் இங்கே உண்டு. விரும்பிய எண்ணை ஏலத்தில் எடுத்தவர்கள், குறைந்தது 1,000 வெள்ளியிலிருந்து தொடங்கும் அந்த ஏலத்தில் பல மடங்கு கொடுத்தவர்கள், காரை விற்கும்போது எண்ணை மட்டும் தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிப்பார்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. காருக்கு வேறோர் எண் ஒதுக்கப்படும். அதன் பிறகு வாங்கியவர், "புது பிளேட் அடிக்க நேரமில்லை, ஒரு வாரம் பழையதே இருக்கட்டும்" என்று கேட்டால் ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. அந்த எண் இப்போது அந்தக் காருக்கு உரியதல்ல. தனக்கு ஒதுக்கப்படாத எண்ணைத் தாங்கி ஒரு வாகனம் ஓடுவதே குற்றம், அது சேர்க்கும் அபராதங்களோ எண்ணைத் தக்கவைத்தவரின் பெயரைத் தேடிக்கொண்டு வரும். பிளேட் கடைகளில் சற்று நேரத்திலேயே புதிய பிளேட் அடித்துப் பொருத்திக் கொடுத்துவிடுவார்கள். பழைய இரண்டு பிளேட்டுகளையும் கையோடு வாங்கி வந்துவிடுவது நல்லது.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்கு அடிக்கடி போய்வரும் நம் மக்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி, வாகனத்தோடு உரிமையாளரின் பெயரிலும் பதிவாகியிருக்கிறது. அது இல்லாமல் அங்கே இருக்கும் சிங்கப்பூர் வாகனங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. விற்பவர் தம் பெயரிலுள்ள பதிவை நீக்கினால்தான் வாங்கியவர் புதிதாகப் பதிந்துகொள்ள முடியும். நீக்காமல் விட்டால் அவர் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டி அபராதமின்றிப் போய்வர வழியின்றி நம்மைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருப்பார். பெயர் மாறும் முன்பே கடந்துபோனால், அங்கே வாங்கும் சம்மன்கள் நம் பெயரில் நிற்கும்.

இத்தனைக்கும் உரிமை மாற்றம் இன்று கடினமான வேலையே அல்ல. அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. விற்பவர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் இணையத்தளத்தில் சிங்பாஸ் என்ற அரசு மின்னியல் அடையாளம் வழியாக நுழைந்து, வாகன எண்ணையும் வாங்குபவரின் விவரங்களையும் பதிந்து தொடங்கிவைக்க, வாங்குபவர் தம் சிங்பாஸ் வழியாக அதை ஏற்றுக்கொண்டு, கட்டணமும் செலுத்தப்பட்டால் முடிந்தது. அதற்கு முன் வாங்குபவர் தம் பெயரில் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். நடைமுறையில் தாமதமாவது பெரும்பாலும் இந்த ஒரு காரியத்தால்தான், வார இறுதி என்பதால் அல்ல. காரின்மேல் வங்கிக் கடன் பாக்கியிருந்தால் அதை முன்கூட்டியே அடைத்திருக்க வேண்டும். ஆகவே திங்கட்கிழமை வரை பெயர் மாற்றத்தைத் தள்ளுவதற்குப் பதிலாக, திங்கட்கிழமை வரை சாவியைத் தள்ளிவைப்பதே முறை. இருவரும் கீழ்த்தளத்து மேசையில் உட்கார்ந்து, கைபேசிகளில் மாற்றத்தை முடித்து, பதிவேட்டில் புதிய பெயர் வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு, சாவியைக் கொடுங்கள்.

அந்த நேரத்தில் ஒரு பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளுங்கள். தேதி மட்டும் போதாது. வண்டியை ஒப்படைத்த மணியையும் நிமிடத்தையும், அதுவரை கார் ஓடியிருக்கும் தூரத்தையும் எழுதி, அந்த நேரத்துக்குப் பின் வரும் அபராதங்களும் விபத்துப் பொறுப்பும் வாங்கியவருடையவை என்று இருவரும் கையெழுத்திட வேண்டும். மாலை 6 மணிக்கு ஒப்படைத்த காருக்கு மாலை 7 மணிக்கு விழுந்த அபராதம் யாருடையது என்பதை அந்த ஒரு வரிதான் தீர்த்துவைக்கும். சாலைக் கட்டணக் கருவியில் செருகியிருக்கும் அட்டையை எடுத்துவிடுங்கள்; கடன் அட்டையிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாட்டில் அந்த எண்ணைப் பதிந்திருந்தால் நீக்குங்கள்; மாதக் கட்டணத்தில் எடுத்த கார் நிறுத்தத்தையும் (சீசன் பார்க்கிங்) நிறுத்துங்கள். சாலை வரி வண்டியோடு போய்விடும், ஆகையால் மீதி மாதங்களுக்கான தொகையை விலையிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

முகவரிடம் விற்பவர்களுக்கும் இதே விதிதான். உபி, காக்கி புக்கிட் போன்ற வட்டாரங்களில் உள்ள ஒரு கார் கடையில் காரை விட்டு, வாடிக்கையாளர் கிடைத்ததும் விற்றுத் தரச் சொல்லும் ஏற்பாட்டில், கார் கடையில் நிற்கும் வாரங்கள் முழுவதும் பெயர் நம்முடையதே. யார் யார் அதை ஓட்டிப் பார்க்கலாம், எந்தக் காப்புறுதியின்கீழ் ஓட்டலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் சாவியை விட்டு வரக்கூடாது.

வாங்குபவருக்கும் இந்த அவசரத்தில் ஆபத்து இருக்கிறது. முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் பெயரை மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தால், வாகன உரிமைச் சான்றிதழின் (காரைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வாங்கும் உரிமம், சிஓஇ) மிச்ச மதிப்பு உட்பட, பதிவை நீக்கும்போது கிடைக்கும் தொகை பதிவேட்டில் உள்ளவருக்கே போகும். நாணயமான மனிதர்களுக்கிடையிலும் ஒருவர் திடீரென இறந்துபோனால் இந்தக் கணக்கு வாரிசுகளின் கைக்குப் போய்ச் சிக்கலாகிவிடும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இப்போது என்ன செய்யலாம்? வாங்கியவரைத் தொடர்புகொண்டு அன்றைக்கே மாற்றத்தை ஏற்கச் சொல்ல வேண்டும்; அவர் தம் பங்கை முடிக்காமல் நாம் மட்டும் பெயரை மாற்றிவிட முடியாது. அதுவரை நம் காப்புறுதியை நீக்கிவிடக் கூடாது, ஏனெனில் நீக்கினால் நம் பெயரிலேயே காப்புறுதியற்ற வாகனம் ஒன்று சாலையில் ஓடும். காவல்துறை அறிவிப்பு வந்தால் குறித்த நாளுக்குள், இணையம் வழியாகவே, ஓட்டியவரின் விவரங்களை விற்பனை ஒப்பந்தம், பேநவ் பரிமாற்றப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவர் தொடர்பையே துண்டித்துவிட்டால் காவல்துறையில் புகார் பதிவுசெய்து, அந்தப் புகாரின் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அவருக்காக நாம் கட்ட நேர்ந்த தொகையையோ விலையில் வராத பாக்கியையோ, 20,000 வெள்ளி வரை, இருவரும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் கோரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் கோரிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும்.