30 துப்பாக்கி, 5,000 வாள்: கணக்கு போட்டுப் பார்ப்போமா

இன்னைக்கு இருக்கற சோல்ஜர்ஸும் அந்தக்கால ரோமப் படையும் மோதினா யாரு ஜெயிப்பாங்கன்னு யார்கிட்ட கேட்டாலும் "இதுல என்னங்க சந்தேகம், துப்பாக்கிதான்"னு டக்குனு பதில் வரும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன், ஒரு நாள் பேப்பரும் பேனாவுமா உக்காந்து கணக்கு போட்டு பாக்கற வரைக்கும்.

சரி, ஆட்டத்த இப்படி வச்சுக்குவோம். ஒரு பக்கம் ரோம லீஜியன் ஒண்ணு, சுமார் 5,000 பேர். இந்தப் பக்கம் ஒரு பிளட்டூன், 30 பேர், ஆளுக்கு ஒரு 5.56 மில்லிமீட்டர் ரைஃபிள், 30 தோட்டா போடற மேகசின் 7, ஆக ஒருத்தர்கிட்ட 210 தோட்டா, மொத்தமா 6,300. டாங்கி, ஹெலிகாப்டர், பீரங்கி எதுவும் கிடையாது, அதெல்லாம் வந்துட்டா அப்புறம் பேச என்ன இருக்கு. வெட்டவெளி, நடுவுல 400 மீட்டர்.

முதல்ல அந்தத் தோட்டா என்ன பண்ணுதுன்னு பாருங்க. எடை வெறும் 4 கிராம்தான், ஆனா கிளம்பும்போது நொடிக்கு சுமார் 900 மீட்டர் வேகம். இயக்க ஆற்றல்ல வேகம் ரெண்டு தடவ பெருக்கப்படுதுல்ல, அதனால 1,600 ஜூல் வருது. 60 கிராம் அம்பு ஒண்ணு நொடிக்கு 50 மீட்டர்ல போச்சுன்னா 75 ஜூல்தான், அதாவது தோட்டா 20 மடங்குக்கு மேல. ஆனா உந்தம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, எடையையும் வேகத்தையும் ஒரே ஒரு தடவ பெருக்கறது, அதுல தோட்டாவுக்கு 3.6, அம்புக்கு 3, கிட்டத்தட்ட சமம்! ரோமர்கள் வீசற பைலம்ங்கற எறிவேல், ஒன்றரை கிலோன்னு வச்சுக்கிட்டா நொடிக்கு 15 மீட்டர்ல வந்தாலே 22 ஆயிடும். அதனால சினிமால குண்டு பட்டவன் பத்தடி பின்னால பறந்து போய் விழறான்ல, அது சுத்த ரீல். தோட்டா ஆளத் தள்ளாது, துளைக்கும். ரோமக் கேடயம் மெல்லிய மரப் பட்டைகள ஒட்டி செஞ்சது, நம்ம பிளைவுட் மாதிரி, அது வேலையும் வாளையும் தடுக்கும், இத தடுக்காது. பின்னால நிக்கறவனுக்கும் சேத்து போகலாம், அவங்கதான் நெருக்கமா நிக்கறாங்களே.

இப்ப தூரம். பைலம் 20, 30 மீட்டர்தான் போகும். அப்ப 400 மீட்டர்ல இருந்து 25 மீட்டர் வரைக்கும் லீஜியன் நடக்கறதத் தவிர வேற எதுவும் பண்ண முடியாது. ஒடம்புல 20 கிலோவுக்கு மேல சுமை, வரிசையும் கலையக்கூடாது, நொடிக்கு ஒன்றரை மீட்டர் நடை வச்சா 250 நொடி ஆகுது. இந்த ரகத் துப்பாக்கிய தொடர்ந்து சுட்டா பேரல் சூடாகிடும்னு நிமிஷத்துக்கு 12 முதல் 15 தடவதான் சுடச் சொல்லுவாங்க, நாலு நொடிக்கு ஒண்ணு. ஆளுக்கு 62, மொத்தம் 1,860 தோட்டா. பாதி பட்டாலே 900 பேருக்கு மேல காலி. பழைய கிரேக்கப் போர்கள ஆராய்ஞ்சவங்க மதிப்பீட்டுப்படி தோத்த பக்கத்துலயே சுமார் 14 சதவீதம்தான் செத்திருக்காங்க, அதுலயும் நெறைய பேர் திரும்பி ஓடும்போது. இங்க 18 சதவீதம் நாலே நிமிஷத்துல போகுது, எந்தப் படையும் நிக்காது.

லான்செஸ்டர்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர், கார் தயாரிச்சவர், 1916ல இதுக்கு ஒரு கணக்கே எழுதி வச்சிருக்கார். கைகலப்புல ஒருத்தனுக்கு ஒருத்தன்தான் மோத முடியும், அதனால ரெண்டு மடங்கு ஆள் இருந்தா பலமும் ரெண்டு மடங்கு. ஆனா ரெண்டு பக்கமும் தூரத்துல இருந்து குறி பாத்து சுட முடிஞ்சா ரெண்டு மடங்கு ஆளுக்கு நாலு மடங்கு பலம், அதாவது எண்ணிக்கையோட வர்க்கம். 5,000க்கு 30ன்னா 167 மடங்கு ஆள். வாள் சண்டைன்னா நம்ம ஆளு ஒவ்வொருத்தனும் 167 பேருக்கு சமமா இருந்தா போதும், அவங்க கைலயும் துப்பாக்கி இருந்தா 27,000 பேருக்கு மேல சமமா இருக்கணும்! இந்த 30 பேர் பொழைக்கறதே எதிராளியால திருப்பி அடிக்க முடியாத அந்த 250 நொடிலதான்.

ஆனா பாதி படும்னு போட்டேன் பாருங்க, அது பேராசை. 1879 ஜனவரி 22, தென்னாப்பிரிக்கால ரோர்க்ஸ் டிரிஃப்ட்னு ஒரு சின்ன முகாம். சுமார் 150 பிரிட்டிஷ் படை ஆளுங்க, மூட்டையும் பிஸ்கட் பெட்டியும் அடுக்கின சுவருக்குப் பின்னால, வெளிய ஸுலுங்கற அந்தப் பகுதி இனத்து வீரர்கள் 3,000, 4,000 பேர், பெரும்பாலும் ஈட்டியும் கேடயமும்தான். சாயங்காலம் ஆரம்பிச்ச சண்டை நடுராத்திரி தாண்டியும் ஓடுச்சு, கையிருப்புல இருந்த 20,000 தோட்டால மிச்சம் சுமார் 900தான், விடிஞ்சதும் எண்ணின ஸுலு உடல்கள் 350 சொச்சம். ஒரு உடலுக்கு 50 தோட்டாவுக்கு மேல! இருட்டு, பதட்டம், காயம்பட்டு போனவங்க கணக்குல வரல, எல்லாம் சரிதான், ஆனாலும் அதே விகிதத்த நம்ம 6,300க்கு போட்டா 120 பேர்கூட விழமாட்டாங்க. அதே நாள் பகல்ல பக்கத்துலயே இசாண்டல்வானால சுமார் 1,800 பேர் இருந்த பிரிட்டிஷ் முகாம 20,000 ஸுலு வீரர்கள் சுத்தி வளைச்சு 1,300 பேருக்கு மேல கொன்னுட்டாங்க, அவங்ககிட்டயும் துப்பாக்கி இருந்துச்சு, ஆனா வரிசைய ரொம்ப தூரத்துக்கு நீட்டி வச்சிருந்தாங்க, கிட்ட வர விட்டுட்டாங்க.

அப்ப மிச்சம் பயம்தான் முடிவு பண்ணணும், அதுக்கு சத்தம் ரொம்ப உதவி பண்ணும். தோட்டா ஒலியை விட வேகம், 400 மீட்டர தாண்ட அரை நொடிக்கு கொஞ்சம் மேல, துப்பாக்கி வெடிச்ச சத்தம் வர 1.2 நொடி. பக்கத்துல இருக்கறவன் விழுந்துடுவான், தலைக்கு மேல சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு சத்தம், அது எந்தப் பக்கம் இருந்து வருதுன்னே பிடிபடாது, அப்புறம்தான் தூரத்துல டம்முனு கேக்கும். இடி மின்னல மட்டுமே பாத்தவனுக்கு இது என்னவா தோணும்னு யோசிச்சுப் பாருங்க.

காடுன்னா கதையே வேற. 20 மீட்டருக்கு மேல கண்ணு தெரியலன்னா அந்த 250 நொடி நாலஞ்சு நொடியா சுருங்கிடும். அமெரிக்க போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் 1983லயே எழுதினார், கத்தி வச்சிருக்கறவன் 21 அடிய ஒன்றரை நொடில தாண்டிடுவான்னு. (வில்லாளிங்க வந்தா குப்புறப் படுக்கறதும் தப்பு, மேல இருந்து விழற அம்புக்கு மொத்த உடம்பும் டார்கெட். நம்ம ஆளுங்க போடற மார்புத் தகடு நெஞ்சையும் முதுகையும் மட்டும்தான் மூடும், தொடையும் கழுத்தும் சும்மாதான் இருக்கும்.)

என்னோட பெரிய சந்தேகம் வேற. ஒரு ரோமத் தளபதி முதல் அடி வாங்கினதுக்கு அப்புறமும் நேரா வந்து நிப்பானா? அவங்க நெசமான ஆயுதம் மண்வெட்டிங்க. கி.மு. 52ல, இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்கற அலீசியால சீசர் படை ஒரு மலைக்கோட்டைய சுத்தி 11 ரோம மைல், அதாவது 16 கிலோமீட்டர், அகழியும் மண்சுவரும் எழுப்பி, வெளிய இருந்து உதவி வராம இருக்க இன்னொரு 14 மைலும் கட்டுச்சு. ஒரு மீட்டர் மண்மேட்ட இந்தத் தோட்டா துளைக்காது. பின்னால உக்காந்து காத்திருந்தா போதும். 30 பேருக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் தண்ணி வேணும், நைட் விஷன் பேட்டரி சில ராத்திரில படுத்துடும், தீர்ந்த தோட்டாவுக்கு பதில் தோட்டா அந்த உலகத்துல எங்கயும் கிடைக்காது, புகையில்லா வெடிமருந்தே 1884லதான் பிரான்ஸ்ல வந்துச்சு. நான் அந்த 30 பேர்ல ஒருத்தனா இருந்தா, அவங்க முதல் தடவ தெறிச்சு ஓடின அந்த நிமிஷமே எதிர்த்திசைல வேகமா நடையக் கட்டிருப்பேன், அவங்க மண்வெட்டிய எடுக்கறதுக்குள்ள.