ஓட்டோ கியர்தானே என்று நினைக்கிறவர்களுக்கு

இந்த மாதத்தில் இது மூன்றாவது. நேற்றுக் காலை கராஜ் திறக்க முன்னரே ஒரு மாஸ்டர் வாசலில் நின்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய காசில் நான்கு மாதத்துக்கு முன், பெற்றோல் எஞ்சினிலும் மின்மோட்டாரிலும் ஓடும் சின்ன ஹைபிறிட் ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறார். சாவகச்சேரியில் இருந்து வரும் வழியில் கியர் லைட் மின்னி, கார் இழுக்காமல் நின்றுவிட்டதாம். "தம்பி, விற்றவர் ஒரு டொக்டர் ஓடின கார் என்றவர். மீற்றரும் அறுபதாயிரம்தான்" என்றார். உள்ளே, எஞ்சினையும் கியரையும் இணைக்கிற கிளச் கருகிப்போயிருந்தது. நான்கு மாதத்தில் அப்படிக் கருகாது. முன்னர் ஓடியவர்கள் முக்கால்வாசியை முடித்துவிட்டு விற்றிருக்கிறார்கள்.

இங்கே யாழ்ப்பாணத்தில் அதிகம் கைமாறுவது முதல் தலைமுறை ஹொண்டா வெசல் ஹைபிறிட். 2013 டிசம்பரில் ஜப்பானில் வந்த வண்டி. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய வண்டியே பொன்னாகிவிட்டது. பத்து வயதான கார், எத்தனை கை மாறியதோ தெரியாது, விலை மட்டும் புதுக்கார் மாதிரி. அதற்காகக் காரைக் கெட்டது என்று சொல்லமாட்டேன். ஒழுங்காகப் பார்த்த வெசல்கள் என் கராஜுக்குச் சேர்விசுக்கு மட்டும்தான் வருகின்றன.

என் தலைவலி "ஓட்டோ கியர்தானே" என்ற சொல்தான். இல்லை, ஐயா. பழைய ஓட்டோ கியர் கார்களில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே ஒயில் சுழன்று விசையைக் கடத்தும். நீங்கள் பிறேக்கை அரைகுறையாக விட்டு ஊர்ந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். வெசல் ஹைபிறிட்டில் இருப்பது இரண்டு கிளச்சும் ஏழு கியரும். மனுவல் காரின் கிளச் தட்டு மாதிரித்தான். உங்கள் காலுக்குப் பதிலாகக் கம்பியூட்டர் மிதிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அப்பா அந்தக்கால ஒஸ்ரின் ஏ40 காரை அரைக் கிளச்சில் பிடித்து வைத்திருந்தால் தாத்தா தலையில் குட்டியிருப்பார். அதே வேலையைத்தான் நீங்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு செய்கிறீர்கள், குட்டத்தான் ஆளில்லை.

"யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள். ஏற்றம் வேண்டாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சுற்றுவீதிகளை மூடி, பக்க ஒழுங்கைகளில் அடி அடியாக நகரும் வரிசை போதும். முதலில் ஹைபிறிட்டின் பெரிய பற்றரியில் ஓடும் மோட்டார்தான் இழுக்கும். ஏசியும் அதே பெரிய பற்றரியைக் குடிக்கும். பற்றரி இறங்கியதும் எஞ்சின் கிளச்சைத் தேய்த்துக்கொண்டு இழுக்கத் தொடங்கும். முன் காருக்கும் உங்களுக்கும் இடையில் கொஞ்சம் இடம் விழட்டும், பிறகு நகருங்கள். நிற்கும்போது பிறேக்கை முழுதாக மிதியுங்கள். நெடுநேரம் நின்றால் பார்க்கில் போடுங்கள்.

இன்னொன்று, கியர்பொக்ஸின் மென்பொருள். 2014-இல் ஹொண்டா ஜப்பானில் இதைத் திருத்தவே இந்த ஹைபிறிட்டைத் திருப்பி அழைத்தது. அந்தத் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று சேசிஸ் இலக்கத்தை வைத்து ஹொண்டா ஜப்பான் தளத்தில் பார்க்கலாம். காசில்லாத வேலை, ஆனாலும் ஒருவரும் பார்ப்பதில்லை.

வாங்கப் போகிறீர்களா? மீற்றரைப் பார்த்து மயங்காதீர்கள். அதைத் திருப்ப அரை மணித்தியாலம் போதும். பிறேக் மிதியின் இறப்பரையும் ஸ்ரியரிங் தேய்ந்த விதத்தையும் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது போங்கள், "சூடாக்கி வைக்காதீங்கோ, அண்ணை" என்று முன்னரே சொல்லிவிடுங்கள். ஏசியைப் போட்டு முக்கால் மணித்தியாலம் ஓடி, பிறகு நெரிசலில் ஊர்ந்து, றிவேர்ஸிலும் போட்டுப் பாருங்கள். உதறினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் ஸ்கான், அதாவது காரின் கம்பியூட்டரில் ஒரு கருவியை மாட்டி, அதில் பதிந்திருக்கும் எரர்களை வாசிப்பது. எரர் இல்லை என்று காட்டி விற்பார்கள், காலையில் அழித்திருப்பார்கள். பல ஸ்கானர்களில், எரர் அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்றும் வரும். பன்னிரண்டு கிலோமீற்றர் என்று வந்தால் என்ன நடந்தது என்று உங்களுக்கே விளங்கும். பெரிய பற்றரியின் செல்களின் வோல்டேஜையும் அதிலேயே பாருங்கள், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது. (பன்னிரண்டு வோல்ற் சின்னப் பற்றரி சோர்ந்தாலும் டாஷ்போர்ட் முழுக்க லைட் எரியும். அதைக் காட்டி ஹைபிறிட் பற்றரி போய்விட்டது என்று பில் போடுகிறவர்களும் உண்டு.)

வாங்கிவிட்டீர்களா? தயவுசெய்து றேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருகிற நம் தண்ணீர், கேத்தலின் அடியில் படிய வைக்கிற அதே வெள்ளையை எஞ்சினுக்குள்ளும் படிய வைக்கும். எஞ்சினைக் குளிராக்கவென்றே விற்கிற கூலன்ற்தான் ஊற்றவேண்டும். பெரிய பற்றரிக்குக் காற்றுப் போகிற வாயிலைச் சாமான் மூட்டையால் அடைக்காதீர்கள், புழுதியைத் துடைப்பியுங்கள். பெரிய பற்றரியின் உயர் வோல்டேஜ் போகிற ஒறேஞ்ச் நிற வயரில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

வாங்க முன் தெரிந்த ஒரு கராஜில் காட்டுங்கள். என்னிடம்தான் வரவேண்டும் என்றில்லை. மாஸ்டரின் கார் இன்னும் ராம்ப்பில் நிற்கிறது, கிளச் கொழும்பில் இருந்து வரவேண்டும். மகனுக்கு எப்படிச் சொல்வது என்று நேற்று முழுக்க என் கதிரையில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தார்.