விலை சொல்பவர் வாங்கக் கூடாது

அண்ணி போன் செய்தபோது அண்ணன் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. "தம்பி, ஒருத்தர் வந்து பார்த்துட்டு எல்லாத்தையும் மொத்தமா பன்னிரண்டாயிரத்துக்கு எடுத்துக்கறேன்னு சொல்றார், குடுத்துடட்டுமா?" என்று கேட்டார். அண்ணன் சேர்த்த ஆடியோ சாமான்கள்தான் அந்த எல்லாம்: பல்பு மாதிரிக் கண்ணாடி வால்வில் ஓடும் ஒரு ஜோடி குவாட் II ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டைச் சுழற்றும் கேரார்ட் 301 டர்ன்டேபிள், அதில் ஊசியைத் தாங்கும் எஸ்எம்இ கை, அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மரான்ட்ஸ் ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக இருப்பது), பெரிய ஸ்பீக்கர் ஜோடி, டேப் ஓட்டும் ஒரு ஸ்பூல் டெக், நானூறு சொச்சம் இசைத்தட்டு. எல்லாம் என் பட்டறை மேசையில் ஒரு தடவையாவது ஏறி இறங்கியவை. "ஒரு ஒயரைக்கூட யாருக்கும் கொடுக்காதீங்க அண்ணி, ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்றேன்.

முப்பது வருஷமாகச் சென்னையில் ஆடியோ ரிப்பேர் செய்கிறேன். இதே கதையைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். ஆசை ஆசையாகச் சேர்த்தவர் போய்விடுவார், வீட்டில் மற்றவர்களுக்கு எது என்னவென்று தெரியாது, அலமாரி காலியானால் போதும் என்றிருக்கும், முதலில் வருகிற ஆள் சொல்வதுதான் விலை. அந்த முதல் ஆள் பல நேரம் காயலான் கடைக்காரர் இல்லை, எங்கள் தொழிலில் இருப்பவரே. அதுதான் எனக்கு வலிக்கிறது. காயலான் கடைக்காரர் எடைக்குத்தான் விலை போடுகிறார், அவருக்கு அவ்வளவுதான் தெரியும். தெரிந்தவர் குறைத்துச் சொல்வது வேறு விஷயம்.

அதனால் போனவுடன் அண்ணியிடம் ஒன்று சொன்னேன்: இதில் எதையும் நான் வாங்க மாட்டேன். அந்த 301 மேல் எனக்கு இருபது வருஷ ஆசை. இங்கிலாந்தில் ஸ்விண்டனில் 1950களில் செய்ய ஆரம்பித்த மாடல், பிபிசி போன்ற ஒலிபரப்பு நிலையங்களில் ஓடியது, கிரீஸ் போட்டுப் பார்த்துக்கொண்டால் இன்னும் ஐம்பது வருஷம் ஓடும். ஆனால் விலை சொல்லும் ஆளே வாங்கும் ஆளாகவும் இருந்தால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாக்கு ஒரு பக்கம் சாயும். நான் சொன்ன விலையைச் சரிபார்க்க வேறொரு டெக்னீஷியனையும் கூட்டிவந்தேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். "நீங்க வாங்கப்போறீங்களா, விலை மட்டும் சொல்றீங்களா?" என்று முதலிலேயே கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்து, எதையும் சுவரில் சொருகிப் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த மரான்ட்ஸின் பின்பக்கம் 120 வோல்ட் என்று எழுதியிருந்தது. நம் 230 வோல்ட்டில் நேரே கொடுத்திருந்தால் அங்கேயே புகைந்திருக்கும், கூடவே அதன் விலையும். அண்ணன் அதற்குப் பயன்படுத்திய, வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டிலுக்கு அடியில், "ஏதோ இரும்பு" என்று ஒதுக்கிவைத்த சாமான்களோடு கிடந்தது. வால்வ் ஆம்ப்ளிஃபயரும் அப்படித்தான், பல வருஷம் கரண்ட் பார்க்காத கண்டென்சர்கள் திடீரென்று முழு வோல்ட்டேஜ் ஏறினால் ஷார்ட் ஆகலாம். நாங்கள் சீரிஸ் போர்டில் ஒரு குண்டு பல்பைத் தொடராகப் போட்டுப் பார்ப்போம், பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், மங்கினால்தான் மேலே போவோம். உங்களிடம் அது இல்லையென்றால் தொடாமல் விட்டுவிடுங்கள். ஓடுமா என்று தெரியாத சாமானுக்குக் கொஞ்சம் விலை குறையும், எரிந்துபோனதற்கு மிச்சம் எதுவும் இருக்காது.

அப்புறம் அந்த அட்டைப்பெட்டி. பேரன் "பழைய பல்பு" என்று குப்பைக்கு எடுத்து வைத்திருந்தான். திறந்து பார்த்தால் ஆறு கேடி66 வால்வ், இங்கிலாந்து ஜிஇசி கம்பெனி தயாரிப்பு. ஒவ்வொரு குவாட் IIவிலும் இந்த வால்வ் இரண்டு உட்காரும். நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினல் ஒன்றே பல ஆயிரம் ரூபாய் போகும். மொத்தமாகக் கேட்டாரே பன்னிரண்டாயிரம், அந்த ஒரு பெட்டி மட்டுமே அதைவிட அதிகம். ஆகவே சின்னச் சின்னதையும் எறியாதீர்கள்: ஊசி, பெல்ட், கையேடு, பில், வந்த பெட்டி, குறிப்பு நோட்டு எல்லாமே விலையில் சேரும்.

விலையை எப்படிப் பிடிப்பது? இணையத்தில் ஒருவர் ஐந்து லட்சம் என்று போட்டிருப்பார், அது அவர் கேட்கும் விலை. விற்ற விலையைப் பாருங்கள், ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டச் சொல்லலாம். அதையும் அப்படியே இங்கே போட முடியாது, சாமானின் நிலை வேறு, வாங்கும் கூட்டம் சின்னது. எங்கள் 301க்கு முதலில் வந்தவர் எண்பதாயிரம் கேட்டார், ஆறு வாரம் பொறுத்தோம், எஸ்எம்இ கையோடு சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்குப் போனது. பொறுமைதான் அந்த வித்தியாசம்.

ஆனால் நியாய விலை என்பது வாங்குபவருக்கும் நியாயமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் தொட்டாலே உதிர்ந்தது. பதினைந்து இருபது வருஷத்தில் அப்படி ஆகும், நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரமே. அந்த வளையத்தை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கரையே தூக்கிப்போட வேண்டியதில்லை. படம் எடுத்து, மாற்ற எவ்வளவு ஆகும் என்று சொல்லி, அதைக் கழித்தே விலை வைத்தோம். ஒரு குவாடில் லேசாக உம்மென்று இரைச்சல், அதையும் எழுதினோம். வந்தவர்களை வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்கச் சொன்னோம். வாங்கியவர் யாரும் திரும்பப் போன் செய்து அண்ணியைச் சங்கடப்படுத்தவில்லை.

இசைத்தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், வளைந்துவிடும். வெளியூர் அனுப்பும்போது வால்வுகளைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் படத்தோடு ஒரே பட்டியலை இருவருக்கும் அனுப்பிவிடுங்கள், பின்னால் பேச்சு வராது.

டேப் இருந்தால் விற்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டிக் கேளுங்கள். இங்கே பதினோரு ஸ்பூல், மேலே ஒன்றும் எழுதவில்லை, கச்சேரி என்று நினைத்தோம். நாலாவது ஸ்பூலில் மகள் மூன்று வயதில் "அப்பா, போதும்பா" என்று சொல்லச் சொல்ல அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பாட்டுப் பாடச் சொல்கிறார். அண்ணி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முதலிலிருந்து போடச் சொன்னார்.

டெக்கை விற்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். டேப்பைப் படிக்கும் ஹெட் தேய்ந்திருக்கிறது, வேறொன்று கிடைத்ததும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.