பூசணக் கடலையை வெயிலில் போட்டால் சரியாகிவிடுமா?

அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து மைதா, அஜினமோட்டோ, பிராய்லர் கோழி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக மகன் சொன்னார். எண்ணெய்? "சொந்தக் காட்டுக் கடலை டாக்டர். நல்லதை வியாபாரிக்குப் போட்டுட்டு, மிச்சத்த நாங்க செக்குல ஆட்டிக்குவோம்." மிச்சம் என்றால் மழையில் நனைந்தது, கறுத்தது, சுருங்கியது. "பூசணம் வெயில்ல போட்டா போயிடும்ல?"

போகாது. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

அந்தப் பூஞ்சை விடும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்க் காரணிப் பட்டியலில், புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் இதையும் வைத்திருக்கிறார்கள். வெயிலில் போட்டால் ஈரம் வற்றும், பூஞ்சை மேலும் வளராது. ஏற்கெனவே பருப்புக்குள் இறங்கிய நஞ்சு அங்கேயே கிடக்கும். துடைத்தால் போவது மேலே தெரியும் பச்சை மட்டும்தான். வேகவைத்தால்? தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. இந்த நஞ்சு சிதைய 250 டிகிரிக்கு மேல் வேண்டும். வறுத்தால் கொஞ்சம் குறையலாம், அதை நம்பிச் சாப்பிட முடியாது.

"கெமிக்கல் இல்லாம விளைஞ்சதுதானே" என்பார்கள். கெமிக்கல் இல்லாவிட்டாலும் பூசணத்தின் நஞ்சு நஞ்சுதான். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் 100 பேருக்கு மேல் இறந்தது மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டுத்தான்.

செக்கெண்ணெயை நான் எதிர்க்கவில்லை, எங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் ரீஃபைண்ட் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. சொத்தையைப் போட்டு ஆட்டினால் சொத்தையின் நஞ்சும் சேர்ந்துதான் இறங்கும். கொப்பரைக்கும் இதே கதைதான்.

அதனால் ஆட்டக் கொடுக்கும் முன் உட்கார்ந்து பொறுக்குங்கள். கறுத்தது, சுருங்கியது, முளைத்தது எல்லாம் குப்பைக்கு. மாட்டுக்கும் வேண்டாம், நஞ்சு பாலில் வரும், காய்ச்சினாலும் போகாது. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு சலசலக்கும் வரை காயவிட்டு, அப்புறம் மூட்டை கட்டுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். வாயில் போட்ட கடலை கசந்தால் துப்புங்கள், தயவுசெய்து விழுங்காதீர்கள்.

அந்த அப்பாவுக்கு நோய் வந்தது எண்ணெயால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியும் இருந்தது, பல வருடமாக யாரும் பார்க்கவில்லை. அந்தக் கிருமி உள்ளவர்களிடம் இந்த நஞ்சின் வீரியம் 30 மடங்கு வரை கூடும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்ற எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.