குடகில் மரம் விழுந்தால் கோடம்பாக்கத்துக்கு என்ன?

குடகு மலையில் காட்டை அழித்தால் அது கர்நாடகத்தின் பாடு என்று இருந்துவிட முடியாது. சென்னைக் குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு காவிரி. குடகின் தலைக்காவிரியில் பிறக்கும் ஆறு மேட்டூர் தாண்டி, முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, கீழணையில் வடவாற்றுக்குள் திரும்பி வீராணம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து சென்னைவரை 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய். 2004 முதல் இந்த ஏற்பாடு. 2019-இல் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்ததும் காவிரித் தண்ணீரே.

ஆனி, ஆடியில் குடகில் கொட்டும் மழை முதலில் இலைகளில் மோதி வேகம் இழக்கிறது. பிறகு சருகில் ஊறி, அழுகிய வேர்கள் விட்டுப்போன துளைகள், மண்புழு வளைகள் வழியே மண்ணுக்குள் இறங்குகிறது. பாறை இடுக்குகளில் தங்கி, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசிகிறது. மழையே இல்லாத தை, மாசியிலும் மலை ஓடையில் நீர் ஓடுவது இதனால்தான். மரம் போன சரிவில் மண் இறுகிவிடும். ஆடியில் பெய்தது ஆடியிலேயே மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். அந்த வண்டல் அணைகளின் கொள்ளளவைத் தின்னும்.

மரமும்தான் தண்ணீர் குடிக்கிறது, வெட்டினால் ஆற்றில் நீர் கூடுமே என்பார்கள். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கூடலாம். கூடுவது வெள்ளமாக வந்து கடலுக்குப் போனால் யாருக்கு லாபம்?

குடித்த நீரும் வீணாவதில்லை. வேர் உறிஞ்சியதில் பெரும்பகுதியை இலைத்துளைகள் ஆவியாக விடுகின்றன. தென்மேற்குப் பருவ மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் ஆவி தமிழ்நாட்டுப் பக்கம் வருகிறது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, பருவமழை பொய்க்கும் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் தென்மேற்குப் பருவமழையின் ஈரப்பதத்தில் 40 சதவீதம் வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் தருகின்றன. கடல் கைவிடும் வருடத்தில் காடு கைகொடுக்கிறது. சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு கதை. அது வங்கக் கடலின் கொடை.

நியூயார்க் நகரம் இந்தக் கணக்கை 1997-இலேயே போட்டுவிட்டது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, தண்ணீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் நிலம் வாங்கவும் அங்குள்ள விவசாயிகளுக்கு உதவவும் ஒப்பந்தம் செய்தது. நாம் கட்டும் தண்ணீர் வரியிலிருந்து குடகுக்காரருக்கு எதுவும் போவதில்லை. நாட்டு நிழல்மரங்களை விற்றுவிட்டு, சீக்கிரம் வளர்ந்து காசாகும் சில்வர் ஓக்கை அங்கே காபித் தோட்டங்களில் நடுகிறார்கள்.