ரீகனெக்ட் ஆகும், போன மெசேஜ் வராது

ரிவியூவுக்கு என்னிடம் வருகிற ரியல்டைம் ஆப் எதுவும் டெமோவில் சொதப்பி நான் பார்த்ததில்லை. பிரவுசரும் சர்வரும் உடனுக்குடன் பேசிக்கொள்ள உதவும் சாக்கெட்.ஐஓ (Socket.IO) லைப்ரரியின் கிளையன்ட் பகுதியை, அதாவது பயனர் பக்கம் ஓடுவதை, இறக்கி, சர்வர் முகவரியைக் கொடுத்து, இந்தப் பக்கம் ஒரு எமிட் (அனுப்பு), அந்தப் பக்கம் ஒரு ஆன் (வந்தால் இதைச் செய்) எழுதினால் போதும், ஒரு பிரவுசர் டேபில் அடித்தது இன்னொரு டேபில் வந்து நிற்கும். பெங்களூரு கோரமங்களா ஆபீஸின் ஃபைபர் லைனில், நாற்காலியை விட்டு எழாமல் சோதித்தால் எதுதான் ஓடாது? அதே ஆப் மெஜஸ்டிக் பக்கம் மெட்ரோ சுரங்கத்துக்குள் இறங்கும்போது, இல்லை டெலிவரி பையன் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் வண்டியை நிறுத்தும்போது என்ன செய்யும் என்று கேட்டால், “அதுவே ரீகனெக்ட் ஆயிடும் சார்” என்பார்கள். ஆகும்தான். ஆனால் அறுந்திருந்த நேரத்தில் சர்வர் அனுப்பியது வராது.

சமீபத்தில் அல்சூர் பக்கம் ஒரு கிளினிக்கின் டோக்கன் போர்டைப் பார்க்கச் சொன்னார்கள். டாக்டர் அறையில் ‘அடுத்தது’ பட்டனை அழுத்தினால் ஹாலில் இருக்கும் டிவியில் நம்பர் ஏற வேண்டும், அவ்வளவுதான் வேலை. காலையில் ஒழுங்காக ஓடும், மதியத்துக்குள் குளறுபடி. நான் போன நேரம் ரிசப்ஷனில் இருந்த பெண், “போர்டைப் பாக்காதீங்கம்மா, நான் பேர் சொல்லிக் கூப்பிடறேன்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டிவி 18-லிருந்து நேராக 20-க்குத் தாவியது. 19-ஆம் டோக்கனைக் கையில் வைத்திருந்த பெரியம்மா, “என் முறை போயிடுச்சா?” என்று எழுந்தே விட்டார்.

புரோகிராம் கோட் ஃபைலைத் திறந்தால், இரண்டு தப்பு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தது. சர்வர் ‘அடுத்தது’ என்று ஒரு இவென்டை (நடந்ததைச் சொல்லும் செய்தி) மட்டும் அனுப்புகிறது, இப்போது எத்தனையாவது நம்பர் என்று சொல்வதில்லை; டிவிதான் தன் பங்குக்கு ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது. உதாரணமாக, போர்டில் 12 இருக்கும்போது வைஃபை போகிறது, அதற்குள் மூன்று பேர் உள்ளே போய்விட்டார்கள், நிஜ நம்பர் 15. இணைப்பு திரும்பி வந்தாலும் டிவியில் 12-தான். இது முதல் தப்பு. இரண்டாவது, ‘அடுத்தது’ ஹேண்ட்லரை (அந்த இவென்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்), இணைப்பு கிடைத்ததும் ஓடும் ‘கனெக்ட்’ ஹேண்ட்லருக்கு உள்ளேயே எழுதியிருந்தார்கள். கனெக்ட் இவென்ட் முதல் தடவையோடு நிற்பதில்லை, ஒவ்வொரு ரீகனெக்டுக்கும் வரும். ஆக ஒருமுறை அறுந்து ஒட்டியதும் ஹேண்ட்லர் இரண்டாகி, ஒரு அழுத்தலுக்கு இரண்டு ஏறும். 14, 16, 18. மூன்றாவது அழுத்தலில் நிஜமும் 18, போர்டும் 18, எல்லாம் தானாகச் சரியாகிவிட்டதைப் போல இருக்கும், நாலாவதில் முந்திக்கொண்டு ஓடிவிடும். ரெஃப்ரெஷ் அடித்தால் பக்கம் புதிதாகத் திறந்து சர்வரிடம் நம்பரைக் கேட்டு வாங்கிவிடும் என்பதால் யாரும் இதை பக் என்றே நினைக்கவில்லை. “ரெஃப்ரெஷ் பண்ணுங்க” என்பது நம் ஊர் ஐடியின் தேசிய கீதம்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. ஹேண்ட்லர்களை கனெக்டுக்கு வெளியே ஒரே முறை பதிய வேண்டும். ‘ஒன்று கூட்டு’ என்று அனுப்பாமல் ‘இப்போது 16’ என்று முழு நிலையை அனுப்ப வேண்டும், கனெக்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் கிளையன்ட் அதைக் கேட்டு வாங்க வேண்டும். சாட், ஆர்டர் லிஸ்ட் போல ஒவ்வொரு மெசேஜும் முக்கியம் என்றால், மெசேஜுக்கு வரிசை எண் போட்டு டேட்டாபேஸில் வையுங்கள். கிளையன்ட் தான் கடைசியாகப் பெற்ற எண்ணைச் சொல்லி மிச்சத்தை வாங்கிக்கொள்ளட்டும். 2023-இல் வந்த சாக்கெட்.ஐஓ 4.6 பதிப்பில் கனெக்ஷன் ஸ்டேட் ரெக்கவரி என்று ஒரு வசதி சேர்த்தார்கள், சிறிய துண்டிப்பில் விட்டுப்போனதை அதுவே கொடுக்கப் பார்க்கும். நல்லதுதான், ஆனால் எல்லா முறையும் கைகொடுக்கும் என்று உறுதி இல்லை, பல சர்வர்களுக்கிடையே மெசேஜைக் கடத்தும் சாதாரண ரெடிஸ் அடாப்டரோடு வேலையும் செய்யாது. அதை நம்பி வரிசை எண்ணை விட்டுவிடாதீர்கள்.

கிளையன்ட் பக்கம் கதை நேர் எதிர். அறுந்திருக்கும்போது நீங்கள் எமிட் செய்வதையெல்லாம் லைப்ரரி சேர்த்து வைத்து, ஒட்டியதும் மொத்தமாகக் கொட்டும். டாக்டர் பட்டன் வேலை செய்யவில்லை என்று நாலு தடவை அழுத்தியிருந்தால் நாலும் போய்ச் சேரும். பழையது வேண்டாம் என்றால், இணைப்பு இல்லாதபோது சேர்த்து வைக்காமல் விட்டுவிடும் வாலடைல் எமிட் இருக்கிறது. பணம், ஆர்டர் போன்ற சமாச்சாரம் என்றால் ‘கிடைத்தது’ என்ற அக்னாலட்ஜ்மென்டை டைம்அவுட்டோடு கேளுங்கள், ஒரே ஆர்டர் இரண்டு தடவை வந்தால் சர்வர் அடையாளம் காணும்படி அதற்கு ஒரு ஐடி கொடுங்கள்.

அறுந்தது தெரிவதற்கே நேரமாகும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. 4-ஆம் பதிப்பில் சர்வர் 25 நொடிக்கு ஒருமுறை பிங் (‘இருக்கிறாயா?’ என்ற சிறு செய்தி) அனுப்பி, பதிலுக்கு 20 நொடி காத்திருக்கும். நெட்வொர்க் சத்தமில்லாமல் செத்தால் முக்கால் நிமிடம் வரை ‘இணைப்பில் இருக்கிறது’ என்று காட்டும் உங்கள் பச்சைப் புள்ளி பொய் சொல்லும்.

அப்புறம், எப்போதும் தானாக ரீகனெக்ட் ஆகும் என்பதும் இல்லை. சர்வரே துண்டித்தால் ஆகாது, நாம்தான் மறுபடி கனெக்ட் கூப்பிட வேண்டும். இணைப்பை ஏற்கும் முன் சரிபார்க்கும் சர்வர் மிடில்வேர் மறுத்தாலும் அப்படியே. இங்கேதான் லாகின் டோக்கன் (பயனர் யார் என்று காட்டும் தற்காலிகச் சீட்டு) மாட்டும்: கிளையன்ட் அமைப்பின் ‘ஆத்’ (auth) இடத்தில் டோக்கனை நேராகக் கொடுத்துவிட்டால் ரீகனெக்டிலும் அதே பழைய டோக்கன்தான் போகும், காலாவதியாகி இருந்தால் சர்வர் மறுத்துவிடும், பயனருக்கு ஒன்றும் புரியாது. ஃபங்ஷனாகக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் புதிய டோக்கனை எடுக்கலாம். இணைப்புக்குக் கிடைக்கும் சாக்கெட் ஐடியைப் பயனரின் ஐடியாக நினைத்துச் சேமிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டேட் ரெக்கவரி கைகொடுத்தாலொழிய அது ஒவ்வொரு ரீகனெக்டிலும் மாறும்.

சர்வர் ஒன்றாக இருக்கும்வரை சுகம், இரண்டாக்கிய அன்று 400 எரர் கொட்டும், செஷன் ஐடி தெரியாது என்று. கிளையன்ட் முதலில் ஹெச்டிடிபி லாங் போலிங்கில் (அடுத்தடுத்து ரிக்வெஸ்ட் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பது) தொடங்கித்தான் வெப்சாக்கெட்டுக்கு (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) மாறுகிறது. நடுவில் ஒரு ரிக்வெஸ்ட் வேறு சர்வருக்குப் போனால் அதற்கு இந்த செஷனைத் தெரியாது. சர்வர்களுக்கு ரிக்வெஸ்டைப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சரில், ஒரே பயனர் ஒரே சர்வருக்குப் போகும்படி ஸ்டிக்கி செஷன் போடுங்கள். வெப்சாக்கெட் மட்டும் என்று வைத்தால் இந்தத் தலைவலி போகும், ஆனால் வெப்சாக்கெட்டை விடாத கம்பெனி ப்ராக்ஸிக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ஆப்பே திறக்காது. எதை இழக்கலாம் என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் உங்களுக்குத் தேவைதானா என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சர்வரிலிருந்து பிரவுசருக்கு மட்டும் செய்தி போனால் போதும் என்றால் பிரவுசரிலேயே இவென்ட்சோர்ஸ் இருக்கிறது, லைப்ரரியே வேண்டாம். தானே ரீகனெக்ட் ஆகும், சர்வர் ஐடி போட்டு அனுப்பினால் கடைசியாகப் பெற்ற ஐடியையும் சொல்லும். டோக்கன் போர்டுக்கு அது தாராளம்.

லைப்ரரியே வேண்டும் என்றால், ரிலீசுக்கு முன்னால் லேப்டாப் வைஃபையை அணைத்து, இன்னொரு மெஷினிலிருந்து நாலைந்து மெசேஜ் அனுப்பி, ஒரு நிமிடம் கழித்து வைஃபையைப் போடுங்கள். ஒட்டிய பிறகு இன்னும் ஒரு மெசேஜ் அனுப்புங்கள், ஏனென்றால் ஹேண்ட்லர் பெருகும் பக் அப்போதுதான் கண்ணில் படும். ரெஃப்ரெஷ் பட்டனைத் தொடாதீர்கள்.