நீந்திப் போனால் பிழைத்துவிட்டது என்று யார் சொன்னது?

இந்த வாரமும் ஒரு காணொளி வந்து சேர்ந்தது. தனுஷ்கோடிப் பக்கம் கரையிலிருந்து தூண்டில் போட்ட நாலு பையன்கள், மூன்றடிச் சுறா ஒன்று. ஒருவன் அதன் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டுகிறான். இன்னொருவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறான். எல்லாம் முடிந்து கடலில் விட்டதும் சுறா வாலை ஆட்டிக்கொண்டு போகிறது. அனுப்பியவர் எனக்குத் தெரிந்தவர்தான். "பாத்தீங்களா சார், விட்டா பொழைச்சுக்கும்" என்று கீழே எழுதியிருந்தார்.

சுறாவையும் திருக்கையையும் அளந்து, ரத்தம் எடுத்துப் பார்ப்பது என் வேலை. இந்த ஒரு வரிக்கு எத்தனை முறை பதில் சொல்வது?

தொழிலுக்குப் போய் வலையில் பட்டதை ஏலத்துக்குக் கொண்டுவரும் அண்ணன்மாரைப் பற்றி இங்கே பேசவில்லை. சுறாப் புட்டைப் பற்றியும் பேசவில்லை. "பிடிப்போம், விட்டுவிடுவோம், பாவமில்லை" என்று நினைப்பவர்களுக்குத்தான் இது.

தூண்டிலில் மாட்டிய சுறா உயிரைக் கொடுத்து இழுக்கிறது. தசை ஆக்சிஜன் இல்லாமலே வேலை செய்யத் தொடங்குகிறது. அப்போது உண்டாகும் லாக்டேட் என்ற வேதிப்பொருள் குவிகிறது, ரத்தம் அமிலமாகிறது, தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து இதயத் துடிப்பைக் குலைக்கிறது. அந்த நிலையில் இருப்பதைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கினால் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கரியமில வாயு வெளியே போக வழியில்லை.

இப்போது அந்த "நீந்திப் போச்சே" விஷயத்துக்கு வருகிறேன். விட்ட நிமிடத்தோடு எதுவும் முடிவதில்லை. தசையில் தேங்கிய லாக்டேட் ரத்தத்துக்கு வந்து சேரவே நேரம் பிடிக்கும். அதனால் படகோரத்தில் எடுத்த ரத்தத்தைவிட, சில மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தம் இன்னும் மோசமாக இருக்கலாம். நீங்கள் கைதட்டி, பதிவேற்றி, பரோட்டா சாப்பிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் அதற்கு உண்மையான சோதனையே. செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடரும் பட்டை கட்டி விட்ட சுறாக்களில் சில, நன்றாக நீந்திப் போய், பல மணி நேரம் கழித்து இறந்தது பதிவாகியிருக்கிறது. சுத்தியல் போலத் தலை உள்ள கொம்பன் சுறா இதில் மிக மோசம். நல்லபடியாகத்தான் போகும், அப்புறம் பல நேரம் செத்துவிடும்.

"செத்தா மிதந்து வரணுமே, ஒண்ணுகூடக் கரை ஒதுங்கலையே?" என்பது அடுத்த கேள்வி. மற்ற மீன்கள் பலவற்றுக்கு இருக்கும், மிதக்க உதவும் காற்றுப்பை சுறாவுக்குக் கிடையாது. ஈரலில் உள்ள எண்ணெய்தான் கொஞ்சம் தாங்குகிறது, அதுவும் போதாது. நீந்துவது நின்றால் அடியில் போய்ப் படுத்துவிடும். அங்கே நண்டு தின்னும். உங்கள் கண்ணில் படாததால் அது சாகவில்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்று, மல்லாக்கத் திருப்பினால் சுறா அப்படியே அடங்கிக் கிடக்கும். "தடவிக் கொடுத்தேன், தூங்கிருச்சு" என்கிறார்கள். தூங்கவில்லை ஐயா. உடல் அசைவற்றுப் போகும் ஒரு நிலை அது, அதிலும் கரியமில வாயு ஏறிக்கொண்டுதான் இருக்கும். அடிவயிற்றைப் பாருங்கள். வெள்ளைத் தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு ஓடியிருந்தால், அது நொந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

வயிறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். படகுத் தளத்தில் கிடக்கும் பால் சுறா குட்டி போடுவதை "அதிசயப் பிரசவம்" என்று போடாதீர்கள். பல நேரங்களில் அது பிரசவமே அல்ல, அதிர்ச்சியில் கருக் கலைவது. தொப்புள்கொடி அறாமல், விரல் நீளத்தில், வாய்கூடச் சரியாகத் திறக்காத குட்டிகள் பலகையில் நெளியும். கடலில் எடுத்துப் போட்டாலும் பிழைக்காது. தாய் பிழைத்தாலும் அந்த ஈற்று போனது போனதுதான்.

எல்லாச் சுறாவும் ஒன்றல்ல. பாறையிடுக்கில் அசையாமல் படுத்திருந்து, வாயால் தண்ணீரை உறிஞ்சிச் செவுளுக்கு அனுப்பும் வகைகள் ஓரளவு தாங்கும். ஓடிக்கொண்டே இருந்தால்தான் மூச்சு என்ற வகைகளுக்கு வலையில் பத்து நிமிடமே பெரிய பாடு.

சரி, மாட்டிவிட்டது, விடத்தான் போகிறீர்கள் என்றால் சீக்கிரம் இழுத்து முடியுங்கள். தண்ணீரிலேயே வைத்து, தூண்டில் முள்ளுக்குப் பக்கத்தில் நரம்பை, அதாவது தூண்டில் இழையை, நறுக்குங்கள். விழுங்கிய முள்ளைத் தோண்டாதீர்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள். அதற்கு விலா எலும்பு இல்லை, பெரிய ஈரலும் குடலும் அப்படியே தொங்கி, முதுகுத்தண்டும் இழுபடும். செவுளுக்குள் விரல் விட வேண்டாம். முன்னும் பின்னும் ஆட்டி "மூச்சு கொடுக்க" வேண்டாம், பின்னால் இழுத்தால் தண்ணீர் தலைகீழாக ஓடும். தலை நீரோட்டத்தைப் பார்த்து இருந்தால் போதும். துருப்பிடிக்காத முள்ளை வாங்காதீர்கள், சாதா இரும்பு முள் நாளடைவில் கரைந்து விழுந்துவிடும். படம் எடுக்க வேண்டுமா? தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள்.

கடைசியாகத் திமிங்கலச் சுறா. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. தென்கடலில் வலையில் சிக்கினால் வாலில் கயிறு கட்டிப் பின்பக்கமாக இழுத்துப் போகிறார்கள், நல்லெண்ணத்தில்தான். ஆனால் அந்த எடையை வால் பிடித்து இழுத்தால் தண்டுவடம் என்ன ஆகும்? மேலே ஏறி உட்காரும் கூத்தும் நடக்கிறது. தயவுசெய்து கயிறு வேண்டாம். வலை போனால் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் அறுத்துவிடுங்கள். தலைப்பக்கம் செவுளைச் சுற்றி இருப்பதை முதலில் அறுங்கள், துடுப்பில் சுற்றியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அறுத்த துண்டுகளைக் கடலில் விடாமல் படகில் ஏற்றி, கரைக்கு வந்ததும் வனத்துறைக்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்.